ஃபோன்தென்ப்ளோ போன கதை

ஒரு செமஸ்டர் பாரிஸில் படிக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் கேட்டது இரண்டு இடங்கள்தான். ஈஃபில் டவர், வெர்சாய் அரண்மனை. இரண்டையும் முதல் மாதத்திலேயே பார்த்து முடித்துவிட்டேன். டவர் ஓகே. வெர்சாயில் நான் அதிகம் பார்த்தது முன்னால் போனவர்களின் பின்மண்டைகளைத்தான். கண்ணாடி மண்டபத்தில் கண்ணாடிக்குள்ளும் கூட்டம், வெளியிலும் கூட்டம். இதற்கு ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்கே போயிருக்கலாம், சுண்டலாவது கிடைத்திருக்கும் :-)

எங்கள் வகுப்பில் பெய்ஜிங்கிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். குரூப் அசைன்மென்ட்டில் சேர்ந்து மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அவள்தான் ஒரு நாள் "ஃபோன்தென்ப்ளோ போகணும், வர்றியா?" என்றாள். அரண்மனை, சுற்றிலும் பெரிய காடு, கூட்டம் குறைவு என்றாள். கூட்டம் குறைவு என்ற ஒரு வார்த்தை போதும், கிளம்பிவிட்டேன்.

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். கார் த லியோன் ஸ்டேஷனில் 'ஆர்' லைன் ரயில் பிடித்தால் 40 நிமிஷத்தில் ஃபோன்தென்ப்ளோ-அவோன் ஸ்டேஷன், அங்கிருந்து டவுன் பஸ். மாதப் பாஸ் இருந்தால் தனியாக டிக்கெட் வேண்டாம். 26 வயதுக்குக் கீழ், ஐரோப்பாவில் தங்கிப் படிக்கிறவர்கள் என்று அட்டையைக் காட்டியதும் அரண்மனைக்குள்ளும் காசு வாங்கவில்லை. ஆக மொத்தச் செலவு ரெண்டு சாண்ட்விச். பி.காம். படிக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

வெர்சாய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். வெர்சாய் ஒரே ஆள் பிளான் போட்டுக் கட்டிய பங்களா மாதிரி. ஃபோன்தென்ப்ளோ நம் ஊர்ப் பூர்வீக வீடு மாதிரி. கொள்ளுத் தாத்தா ஒரு கூடம் கட்டினார், தாத்தா மாடி எடுத்தார், சித்தப்பா கல்யாணத்துக்கு ஒரு ரூம் இழுத்தார், அப்பா வாசலை மாற்றினார் என்று ஒட்டு மேல் ஒட்டாக வளர்ந்த வீடு. இங்கே ஓர் அரண்மனை இருந்ததற்கான முதல் எழுத்து ஆதாரம் 1137இல். அங்கிருந்து மூன்றாம் நெப்போலியன் காலம் வரை, எழுநூறு வருஷத்துக்கும் மேல் யாராவது ஒரு ராஜா எதையாவது இடித்துக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். இப்போது 1500 அறைகளுக்கு மேல். 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இவ்வளவு ராஜாக்களும் இங்கே வந்ததற்குக் காரணம் காடுதான். வேட்டை. அரண்மனைக்குப் பக்கத்தில் காடு இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் காட்டுக்காகத்தான் அரண்மனையே. காட்டின் வரைபடத்தைப் பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாக நேர்க்கோட்டுச் சாலைகள் பிரிந்து போகும். எல்லாம் குதிரையில் மானைத் துரத்தப் போட்டவை.

உள்ளே நுழைந்ததும் பெரிய முற்றம், அதன் கோடியில் குதிரை லாடம் போல் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் படிக்கட்டு. 1630களில் கட்டியது. இந்தப் படியில் இறங்கி வந்துதான் 1814 ஏப்ரல் 20ஆம் தேதி நெப்போலியன் தன் பழைய காவல்படையிடம் விடைபெற்று எல்பா தீவுக்குப் போனான். அதனால் இந்த முற்றத்துக்கே 'விடைபெறும் முற்றம்' என்று இன்னொரு பெயர். அதற்கு ஒரு வாரம் முன்புதான் ராத்திரியில் விஷம் குடித்துப் பார்த்திருக்கிறான், சாகவில்லை. பதவி விலகல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் 6. அந்த மேஜை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். நான் ஏதோ பெரிய தர்பார் மேஜையை எதிர்பார்த்துப் போனால், டீக்கடையில் ரெண்டு பேர் எதிரெதிரே உட்காரும் அளவுக்கு ஒரு சின்ன வட்ட மேஜை! பாதி ஐரோப்பாவை வைத்திருந்த கணக்கை இதன்மேல் வைத்துத்தான் மூடியிருக்கிறான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது போப்பாண்டவர் கதை. 1804இல் முடிசூட்டிக்கொள்ள நெப்போலியன் ஏழாம் பயஸ் போப்பை ரோமிலிருந்து வரவழைத்தான். அப்போது அரண்மனை காலி. புரட்சியில் சாமான்களையெல்லாம் ஏலம் போட்டு விற்றிருந்தார்கள். விருந்தாளி வருகிறார் என்று அவசர அவசரமாகக் கட்டில், நாற்காலி, திரை எல்லாம் வாங்கிப் போட்டுத் தயார் செய்தார்கள். எட்டு வருஷம் கழித்து 1812இல் அதே போப் அதே அரண்மனைக்கு மறுபடியும் வந்தார். இந்த முறை கைதியாக. 1814 ஜனவரி வரை உள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். அவர் போன மூன்றே மாதத்தில் பதவி போய்க் கையெழுத்துப் போட்டவன் அடைத்து வைத்தவன். இதைக் கேட்டால் எங்கள் பாட்டி "சும்மா விடுமா" என்பார்.

முதலாம் பிரான்சுவாவின் நீளக்கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சுமார் 60 மீட்டர் நீளம், அகலம் 6 மீட்டர்தான். 1528க்குப் பிறகு அந்த ராஜா பழைய கோட்டையை இடித்துக் கட்ட ஆரம்பித்து, இத்தாலியிலிருந்து ரோஸோ ஃபியோரென்தினோ, ப்ரிமாதிச்சோ என்று ஓவியர்களை வரவழைத்தார். கீழே வால்நட் மரச் செதுக்கல், மேலே சுவரோவியம், ஓவியத்தைச் சுற்றி சுதைச் சிற்பம். எங்கே பார்த்தாலும் அவர் பெயரின் முதல் எழுத்தும், அவர் சின்னமான நெருப்புப் பல்லியும். கட்டிய இடமெல்லாம் தலைவர் பெயர் போடுவது நம்மிடம் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் ஒரு சின்ன சந்தோஷம். இந்தக் கூட்டத்தில் ஒரு யானையும் நிற்கிறது, முதுகுத் துணி முழுக்க பிரெஞ்சு அரசரின் லில்லிப் பூச் சின்னத்தோடு. யானை என்பது ராஜாவேதானாம். அறிவு, பலம், ஞாபக சக்தி. அத்தனை கிரேக்கப் புராணத்துக்கு நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அதுதான்.

இன்னொரு கொசுறுத் தகவல், நம்ம டிபார்ட்மென்ட் மக்களுக்காக. எம்.பி.ஏ. என்றால் உலக லெவலில் பெயர் அடிபடும் இன்சியாட் 1957இல் தொடங்கிய பின் முதலில் வகுப்பு நடத்தியது இந்த அரண்மனையில்தான். 1967இல்தான் பக்கத்தில் சொந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். ராஜா வீட்டில் உட்கார்ந்து மார்க்கெட்டிங் படித்திருக்கிறார்கள். நமக்கு மூன்றாவது மாடியில் சுற்றாத ஃபேனுக்கு அடியில் நடந்தது. சரி விடுங்கள்.

எல்லா அறையையும் சொல்லப்போவதில்லை. பாதிக்கு மேல் எனக்கே ஞாபகம் இல்லை. தங்கம், பட்டு, தங்கம், பட்டு. நாற்பது நிமிஷத்துக்கு மேல் தங்கத்தைப் பார்த்தால் கண்ணுக்கு அது மஞ்சள் பெயின்ட்தான்.

கீழ்த்தளத்தில் சீன அருங்காட்சியகம் என்று ஓர் இடம் இருக்கிறது. அவள் இங்கே வந்ததே இதற்காகத்தான் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி அரசி 1863இல் அமைத்த அறைகள். இரண்டு வகைச் சாமான்கள். ஒன்று, 1861 ஜூனில் சயாம் நாட்டுத் தூதுக்குழு இதே அரண்மனைக்கு வந்து கொடுத்த பரிசுகள். இன்னொன்று, 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் பழைய கோடைக்கால அரண்மனையான யுவான்மிங்யுவானைக் கொள்ளையடித்தபோது எடுத்தவை. எடுத்த பிறகு அந்த அரண்மனைக்குத் தீயும் வைத்தார்கள். தீ வைக்க உத்தரவு கொடுத்தது பிரிட்டிஷ் தரப்பு, கொள்ளையில் இரண்டு பேருக்கும் பங்கு. பிரெஞ்சுப் படை தன் பங்கில் நல்லதாகப் பார்த்து ராஜாவுக்கும் ராணிக்கும் அனுப்பி வைத்தது.

பரிசும் கொள்ளையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில். கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு, பள்ளியில் படிக்கும்போது யுவான்மிங்யுவானுக்குச் சுற்றுலா கூட்டிப் போவார்கள் என்றாள். அங்கே பார்க்க இருப்பது உடைந்த கல் தூண்களும் குளமும்தான். டீச்சர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கே இது இருந்தது, அங்கே அது இருந்தது என்று சொல்லிக்கொண்டே போவாராம். "அந்த 'இருந்தது' எல்லாம் இங்கே இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. லிஸ்ட் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள்.

2015 மார்ச் 1ஆம் தேதி காலையில் இந்த அறைகளில் திருட்டு நடந்தது. சில நிமிஷங்களில் சுமார் 15 பொருட்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சயாம் ராஜா கொடுத்த கிரீடத்தின் பிரதியும் அதில் ஒன்று. அப்போது செய்திகளில் 'பிரான்சின் விலைமதிப்பற்ற பொருட்கள்' என்று வந்ததாம். அவள் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் சொத்து எந்தக் கணக்கில் வந்தது என்று எழுதாமல் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது. வாங்கியதா, பரிசா, பங்குதாரர் கொண்டு வந்ததா என்று எதிர்ப்பக்கம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இந்த அறைக்கு ஜர்னல் என்ட்ரி போடச் சொன்னால் நான் பரீட்சையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. கொடுத்தால் எந்த மியூசியம் மிஞ்சும் என்று கேட்பவர்கள் அந்தக் கேள்வியை பெய்ஜிங்கில் போய்க் கேட்கட்டும்.

வெளியே வந்து மீன்குளத்தின் கரையில் சாண்ட்விச் சாப்பிட்டோம். நடுவில் ஒரு குட்டி மண்டபம், கெண்டை மீன்கள், காசு போட்டுப் படகு ஓட்டும் குடும்பங்கள். லெ நோத்ர் அமைத்த பெரிய தோட்டம், அதற்கப்பால் நான்காம் ஹென்றி 1606க்கும் 1609க்கும் இடையில் வெட்டிய 1.2 கிலோமீட்டர் கால்வாய். நல்ல காற்று. இரண்டு பேருக்கும் மறுபடி ரயில் ஏறி ஹாஸ்டல் போக மனசில்லை. ஸ்டேஷனுக்குப் பின்பக்கமே காடு தொடங்குகிறது என்பதால் அந்தப் பக்கம் நடந்தோம்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். (ஆமாம், இவ்வளவு நேரம் முன்னுரைதான். ஸாரி.)

அரசுக் காடு மட்டும் சுமார் 17,000 ஹெக்டேர். சுற்றியிருப்பதையும் சேர்த்தால் 25,000 பக்கம் வரும். ஓக், பீச், பைன் மரங்கள். கீழே வெள்ளை மணல், கடற்கரை மாதிரி. உண்மையிலேயே கடற்கரைதான், மூன்று கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்திருக்கிறது. அந்த மணல் இறுகிப் பாறையாகி, பிறகு மழையிலும் காற்றிலும் தேய்ந்து, ஆமை, யானை, இட்லிக் குண்டான் என்று விதவிதமான உருவத்தில் காடு முழுக்கக் கிடக்கிறது. முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு பசங்களும் பெண்களும் போவதைப் பார்த்துப் படுக்கப் போகிறார்கள் போல என்று நினைக்கக் கூடாது. பாறை ஏறுகிறவர்கள். கயிறு கிடையாது, விழுந்தால் மெத்தை. பாறைகளில் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், சிவப்பு என்று கஷ்டத்துக்கு ஏற்ப அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்க இருந்து இதற்கென்றே வருகிறார்கள்.

நடப்பவர்களுக்கு நீலக்கோட்டுப் பாதை. இதைத் தொடங்கியவர் க்ளோத்-பிரான்சுவா தனகூர் என்ற மனிதர். நெப்போலியன் படையில் இருந்த சிப்பாய். பிறகு ஃபோன்தென்ப்ளோவில் ராணுவக் குடியிருப்பில் காவல் வேலை, அரசியல் கருத்துக்காக 1832இல் அதுவும் போய்விட்டது. மனுஷன் காட்டுக்குள் திரிய ஆரம்பித்தார். 1842இலிருந்து சொந்தக் காசில் ஆள் வைத்துப் பாறைகளுக்கு நடுவே பாதை போட்டார், மரத்திலும் கல்லிலும் குறி போட்டார், கையேடு எழுதி விற்றார். 1849இல் பாரிஸிலிருந்து ரயில் வந்ததும் கூட்டம் அள்ளியது. சும்மா நடப்பதற்காக ஒருவன் காட்டுக்குள் போவான் என்று அதுவரை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஸ்டார்ட்-அப் வகுப்பில் கலிஃபோர்னியா கதைகளையே சொல்கிறார்கள், இவரைச் சொல்லலாம்.

அதே காலத்தில் பக்கத்து ஊரான பார்பிஸோனில் தங்கி இந்த மரங்களை வரைந்துகொண்டிருந்த தியோடோர் ரூஸோ முதலான ஓவியர்கள், பழைய ஓக் மரங்களை வெட்டி வருமானத்துக்காக பைன் நடுவதை எதிர்த்தார்கள். 1853இல் 624 ஹெக்டேர் வெட்டக்கூடாத பகுதி ஆனது. 1861இல் அரசர் உத்தரவே வந்து அது 1097 ஹெக்டேர் ஆனது. எதற்காக? அழகாக இருக்கிறது என்பதற்காக. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872தான். சீன அரண்மனைக்குப் படை அனுப்பியதும், இந்த மரங்களைக் காப்பாற்றியதும் ஒரே ராஜா, அடுத்தடுத்த வருஷம். மனிதர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை.

தனகூர் பெயரில் இருக்கும் கோபுரத்துக்கு ஏறிவிட்டு வேறு பாதையில் இறங்கினோம். ஓரிடத்தில் பாதை ஓரமாகப் பெரிய பெரிய மேடுகள், பாசி பிடித்து. முதலில் மண்மேடு என்று தாண்டிவிட்டேன். கால் வைத்தபோது கலகலவென்று சரிந்தது. எல்லாம் கல் சில்லு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு பாறை. மற்ற பாறையெல்லாம் உருண்டையாக இருக்க, இது ஒரு பக்கம் மட்டும் சுவர் மாதிரி நேராக நின்றது. மேல் விளிம்பில் வரிசையாக ஏழு குழி. ஆப்புக் குழி.

என் அம்மாவின் அப்பா கல்லுடைத்தவர். லீவுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். பாறையில் கரியால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் உளியால் வரிசையாகக் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பு இறக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சம்மட்டியால் ஒவ்வோர் அடி. மறுபடி முதலிலிருந்து. அடிக்க அடிக்க சத்தம் மாறும். "கேளுடா, இப்ப கல்லு பேசும்" என்பார். கணீரென்று இருந்தது மொத்தையாக ஆகும். அப்போது தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இன்னும் ஒரு சுற்று அடிப்பார், வாழைத்தண்டு மாதிரி நேராகப் பிளக்கும்.

இந்தக் காட்டின் கல்தான் பல நூறு வருஷம் பாரிஸ் தெருக்களுக்குப் போனது. பழைய தெருக்களில் சூட்கேஸ் சக்கரத்தை உடைக்கும் அந்தச் சதுரக் கற்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு காட்டுக்குள் உடைப்பது நின்றது. ஓவியர்களும் தனகூரும் நடந்த அதே நாட்களில் இங்கே உளிச் சத்தமும் கேட்டிருக்கும். ஓவியர்களுக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, தனகூருக்குக் கோபுரமே இருக்கிறது.

தாத்தாவுக்கு ஐம்பது தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டி.பி. என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சிலிக்கோசிஸ். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போய்த் தங்கி, அதைச் சுற்றித் தழும்பு கட்டி, பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது இறுகிப்போகும். போன தூசியை வெளியே எடுக்க வழி இல்லை. நான் எட்டாவது படிக்கும்போது இறந்துபோனார். வேலை கொடுத்தவர்களிடமிருந்து நஷ்ட ஈடு என்று எதுவும் வரவில்லை. லோடு கணக்குக் கூலிக்கு ரசீது ஏது? வேலை பார்த்தார் என்பதற்கே ஆதாரம் கேட்டார்கள். நான் இந்தப் படிப்பை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். யார் எந்தப் புத்தகத்தில் எழுதினால் ஒரு மனுஷன் வேலை பார்த்ததாக அர்த்தம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

ஃபோன்தென்ப்ளோ மணல் கிட்டத்தட்ட முழுக்க சிலிக்காதான். அவ்வளவு சுத்தம் என்பதால் கண்ணாடி செய்ய உலகப் புகழ். அதாவது இங்கே உளி பிடித்தவர்கள் மூச்சில் இழுத்தது, கருங்கல் தூசியைவிட மோசமான தூசி.

என்ன பார்க்கிறாய் என்று அவள் கேட்டாள். சொன்னேன். என் ஆங்கிலத்தில் சம்மட்டிக்கும் ஆப்புக்கும் வார்த்தை தேடி, கடைசியில் கையால் நடித்துக் காட்டினேன். அவள் ஒவ்வொரு குழியிலும் விரலை விட்டுப் பார்த்தாள். ஏழாவது குழி மட்டும் பாதியில் நின்றிருந்தது, ஆழம் இல்லை. அதற்கு முன்பே கல் பிளந்துவிட்டிருக்க வேண்டும்.

போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். மாமா பத்து வருஷம் தாத்தாவோடு உளி பிடித்துவிட்டு இப்போது லாரி ஓட்டுகிறார். ரயில் ஏறிய பிறகு அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மாப்ள, இது கருங்கல்லு இல்ல, மணல் கல்லு. குழிய நெருக்கிப் போட்டிருக்கான் பாரு, கல்லு சொன்ன பேச்சு கேக்காதுன்னு பயந்திருக்கான். உங்க தாத்தாவா இருந்தா ரெண்டு குழி கொறச்சுப் போட்டிருப்பாரு. அது சரி, அரண்மனைக்குப் போறேன்னுதான சொன்ன, அங்க எதுக்குடா போயி கல்லப் பாத்துட்டு நிக்கிற?"

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செவ்வாய்க்கிழமை அரண்மனை விடுமுறை. சீன அறைகள் திறந்திருக்கிறதா என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுங்கள், அதை விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுக்கு நல்ல ஷூ வேண்டும், மணலில் செருப்பு சரிப்படாது. தண்ணீர் கையில் கொண்டு போங்கள், உள்ளே கடை கிடையாது. புல்லில் உட்கார்ந்தால் வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, கழுத்து எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள், உண்ணி இருக்கிறது, கடித்தால் லைம் நோய் வரலாம். நீலக்கோடு மரத்தில் இல்லாவிட்டால் பாறையில் தேடுங்கள், இருக்கும்.